ஐந்தாம் மாதத்தில் ஈறில் முளைத்தது

போன மாதம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே என்னிடம் பேசினாள். சொத்தைப் பல்லா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கையை எடுக்கச் சொன்னேன். மேல் ஈறில், இரண்டு பல்லுக்கு நடுவே, சிவப்பாகச் சதை துருத்திக்கொண்டு இருந்தது. "வூட்ல யாருக்கும் இன்னும் காட்டல பெரிம்மா" என்றாள். காட்டாமல் இருந்ததே நல்லது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளை அன்றைக்கே பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். போகும் வழியில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அது வந்தது முதல் பிள்ளையின்போது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். என் பிறந்த ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் நெல்லும் கரும்பும் வைத்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா இறந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொடுத்தது சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில். சொந்த நிலம், கிணறு, மச்சு வீடு. கணவர் ராஜேந்திரன் பட்டப்படிப்பு முடித்தவர். எழுதாத பரீட்சை இல்லை, போகாத இன்டர்வியூ இல்லை. வேலை மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் ஜனத்தில் படித்த பையன்கள் எல்லாரும் அப்படித்தான் ஏர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்க மாட்டேன்.

நாலாவது மாதம் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. சூடு என்று நினைத்தேன். பிறகு மேல் ஈறில் கடுகளவு ஒரு சிவப்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்வதுபோல வளர்ந்தது. ஐந்தாம் மாதம் பிறந்தபோது மொச்சைக்கொட்டை அளவுக்கு உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. வலி கிடையாது. ஆனால் சோறு பட்டால் ரத்தம், நாக்கு பட்டால் ரத்தம். பேசிக்கொண்டிருக்கும்போதே உப்புக்கரித்தால், ரத்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். வாயைக் கொப்பளிக்க ஓடுவேன்.

மாமியார்தான் முதலில் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "இன்னாடி அது, வாயில" என்றாள். மறுநாளே எனக்கு என்று ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் வந்தன. அவற்றை நானே கழுவி, மாட்டுக்கொட்டகைச் சுவர் மாடத்தில் வைக்க வேண்டும். படுக்கையும் அங்கே ஓரமாக வந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சாணி கரைத்து மெழுகினார்கள், அவ்வளவுதான்.

சின்னசேலத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் கணவர் அழைத்துப்போனார். அந்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழவில்லை. டார்ச்சை என் வாய்ப்பக்கம் அடித்துவிட்டு அவரிடம் பேசினார், என்னிடம் இல்லை.

"புத்துநோய் மாதிரி தெரியுது. சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆனா வயித்துல புள்ளைய வச்சுக்கினு இதுக்கு வைத்தியம் பண்ண முடியாது. அதைக் கலைச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும். மாசம் ஏறிக்கினு போவுது, லேட் பண்ணாதீங்க."

"சரிங்க டாக்டர்" என்றார் கணவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வயிற்றில் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்த சமயம் அது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "ஆளு பொழைக்கணும்ல" என்று மட்டும் சொன்னார்.

நான் பிழைக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள் என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு ஒரு மத்தியானம் கொட்டகைக்குள் இருந்தபோது, மாமியார் தன் தம்பியோடு களத்தில் பேசியது காதில் விழுந்தது. "இவ தேற மாட்டா. புள்ளையும் வோணாம்னு சொல்ட்டாங்க. உன் பொண்ணை வேற எங்கியும் பேசிடாத, கொஞ்ச நாளு பொறு."  அந்தத் தம்பி மறுக்கவில்லை. மாடு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழக்கூட வரவில்லை. அழுதால் ரத்தம் வரும் என்று ஒரு பயம்.

சேலத்துக்குப் போக ஒரு நாளைக் குறித்தார்கள். கணவருக்குப் போராட்ட வேலை இருந்ததால் கூடப் போக அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா முந்தின நாளே வந்துவிட்டார். கொட்டகையில் என் பாயைப் பார்த்தார். மாடத்தில் தட்டைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "வாயைக் காட்டு கண்ணு" என்றார். அந்த வீட்டில் என் முகத்துக்கு நேரே குனிந்து அதைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் பஸ் இல்லை. சாலை மறியல் தொடங்கிவிட்டது. சேலம் சாலை நெடுக நூறு வருஷத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆண்கள் அரிவாளும் ரம்பமுமாகப் போனார்கள். கணவர் சின்னசேலம் தாண்டி மேற்கே போய்விட்டார். ஒரு வண்டியும் ஓடவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, குடிசைக்குத் தீ என்று செய்திகள் வந்தபடி இருந்தன. எது நிஜம், எது வதந்தி என்று யாருக்கும் தெரியவில்லை.

சேலம் போவது நின்றதும் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரில் மருவுக்கும் கட்டிக்கும் நூல் கட்டி உதிர்க்கிற ஒரு கிழவர் இருந்தார். அவரை வரவழைத்தாள். அப்பா குளிக்கப் போயிருந்த நேரம். மெழுகு தேய்த்த நூலை அந்தச் சதையின் அடியில் சுற்றி இறுக்கினார் கிழவர். இறுக்கியதும் நூல் சதையை அறுத்தது. வாய் நிறைய ரத்தம். துப்பத் துப்ப நிறைந்தது. மஞ்சள்பொடியை வைத்து அழுத்தினார்கள், நிற்கவில்லை. கிழவர் நூல்கண்டைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, "கெட்ட ரத்தம், போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா ஈரத் துண்டோடு ஓடி வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சம்மந்தியம்மா, வண்டியைப் பூட்டச் சொல்லுங்க. இல்லன்னா நான் தூக்கிக்கினு நடந்தே போவேன்."

"ரோடே இல்லியேண்ணே, எங்கப் போவீங்க" என்றாள் மாமியார்.

"சேலத்துக்கு வோணாம். கள்ளக்குறிச்சிக்குப் போறேன்."

மாட்டு வண்டியில் ஏரிக்கரை வழியாக, கரும்பு வயல்களுக்கு நடுவே இருந்த வண்டிப்பாதையில் போனோம். வாயில் துணியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு இடத்தில் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே மரம் கிடந்தது, சுற்றி ஆட்கள். வண்டியைப் பார்த்ததும் கழியோடு வந்தார்கள். அப்பா துணியை விலக்கி என் வாயைக் காட்டினார். அவர்களில் ஒரு பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"ராஜேந்திரண்ணன் சம்சாரம்டா. மாட்டை அவுத்துவுடுங்க."

மாட்டை அவிழ்த்து அந்தப்பக்கம் ஓட்டினார்கள். என்னைப் படுக்கவைத்தபடியே வண்டியைத் தூக்கி, மரத்தின் கிளைப்பக்கமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். பூப்போலத்தான் இறக்கினார்கள். அந்த ஆட்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

"அண்ணன் மேல்பக்கம் கீறாரு. சைக்கிள்ல ஆளை அனுப்பிச் சொல்லட்டுமா அண்ணி" என்று அந்தப் பையன் கேட்டான். சொல்லு என்று தலையசைத்தேன்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் அன்று கூட்டமே இல்லை. வெளியூர்க்காரர்கள் வர முடியாது. பல் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ஊர் கன்னியாகுமரிப் பக்கம். விடுமுறைக்குக் கிளம்ப இருந்தவர், சாலை அடைத்ததால் மாட்டிக்கொண்டவர். என்னை நாற்காலியில் சாய்த்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார். நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. கை வலித்தபோது கையை மாற்றிக்கொண்டார். பிறகு கண்ணாடியை உள்ளே விட்டு நிதானமாகப் பார்த்தார்.

"யார் இதைப் புற்றுன்னு சொன்னது?"

அப்பா சொன்னார். பிள்ளையைக் கலைக்கச் சொன்னதையும் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைத் தட்டில் வைத்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இங்க பாரும்மா. கர்ப்பமா இருக்கும்போது உடம்புல சில சுரப்பு நீர் அதிகமாகும். அதனால ஈறு ஊதும், ரத்தம் கசியும். சில பேருக்கு ஒரு இடத்துல மட்டும் சதை இப்படி மொட்டு மாதிரி வளந்துடும். பல்லிடுக்குல காரை கெட்டியாப் படிஞ்சிருந்தா அது உறுத்தி இன்னும் வளரும். முழுக்க ரத்தக்குழாய்தான், அதான் தொட்டா கொட்டுது. பார்க்கத்தான் பயமா இருக்கும், ஆளைக் கொல்லாது. ஒட்டவும் ஒட்டாது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் தானே சுருங்கிடும்."

"அப்போ புள்ளை?" என்றேன். பஞ்சோடு பேசியதால் எனக்கே புரியாத மாதிரி வந்தது. அவருக்குப் புரிந்தது.

"பிள்ளைக்கு இதனால ஒண்ணுமில்ல. வேற யாருக்காவது இருந்தா சுத்தம் பண்ணிட்டுக் காத்திருப்பேன். உனக்கு நூலைக் கட்டி அறுத்து வச்சிருக்காங்க, மறுபடி ரத்தம் போகும். அதனால எடுத்துடலாம். இந்த மாசத்துல எடுக்கலாம், பயமில்ல. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். நான் சொன்னதை நீ நம்பினா போதாது, உன் வீட்டுக்காரங்க நம்பணும்ல."

அவர் சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் பயம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே சொன்ன டாக்டர் பெரியவர், நரைத்தவர். இவர் என் வயதுக்காரர்போல இருந்தார். யாரை நம்புவது?

வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் சின்னப்பொண்ணு என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூர். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மலையிலிருந்து இறங்கி வந்தவள். குழந்தை தேறிவிட்டது, ஆனால் மலைக்கு பஸ் இல்லை, ஜீப் இல்லை. வார்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தியவர்களை நாள் முழுக்க வைதுகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள்தான் என்று நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என் படுக்கையில் வந்து உட்கார்ந்து உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கும் இங்கதான் இருந்திச்சி. நவ்வாப்பழம் கணக்கா. இவன் பொறந்தான், அது சுருங்கிப்போச்சி. தேடிப் பாரு, தடம் இருக்குதா?"

ஈறு மற்ற இடம்போலத்தான் இருந்தது. விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். அவள் உதட்டைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

"உங்க வூட்ல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாங்க. பல்லுல கட்டின்னாங்க."

"தனியா வெக்கலியா?"

"எங்க வூடே ஒத்த அறை. எங்க கொண்டுபோயித் தனியா வெக்கிறது" என்றாள். அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஆனால் டாக்டரம்மா சொல்லிப் போகாத பயம், அவள் ஈறைத் தொட்டதும் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் காலை எடுத்தார்கள். ஈறில் ஊசி போட்டதுதான் வலி. மூக்கு வரைக்கும் மரத்துப்போனது. பிறகு எதையோ இழுப்பதும் சுரண்டுவதும் மட்டும் தெரிந்தது. பற்களுக்குப் பின்னால் படிந்திருந்த காரையைச் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொன்னார்கள். அந்தச் சதையை ஒரு சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு டாக்டரம்மா என்னிடம் காட்டினார். இத்தனூண்டு. வெளுத்துப்போய், ஊறிய வேர்க்கடலை மாதிரி. இதற்காகத்தான் எனக்குத் தனித் தட்டு. இதற்காகத்தான் களத்தில் இன்னொருத்திக்கு நாள் பார்த்தார்கள்.

அந்த பாட்டில் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும். பஸ் ஓடாததால் அறையின் ஜன்னலோரத்திலேயே காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். தையலைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கண் அதன்மேல்தான் போகும். டாக்டரம்மா எத்தனை தரம் சொன்னாலும், காகிதத்தில் வரும்வரை மனசு கேட்கவில்லை.

அப்பா வெளி வராந்தாவில் இருந்தார். பெண்கள் வார்டுக்குள் பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் விடுவார்கள். எதிரே ஒரு டீக்கடை மட்டும் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அங்கே அடுப்பை இரவல் வாங்கிக் கஞ்சி வைத்தார். அதற்கு முன் அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் அடிப்பிடித்தது. அடுத்த நாள் உப்பு அதிகம். பிறகு சரியாக வந்தது. சூடாக இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, தன் உதட்டில் வைத்துப் பார்த்த பிறகே கொடுப்பார். சின்னப்பொண்ணுக்கும் ஒரு டம்ளர் வரும். "உங்கொப்பன் கஞ்சிய அடிப்புடிக்க வுட்டுட்டாரு இன்னிக்கி" என்று அவள் குறைசொல்லிக்கொண்டே குடிப்பாள்.

கணவர் வரவில்லை. மேற்கே இருந்து நடந்தாவது வந்துவிடுவார் என்று ஒவ்வொரு பார்வை நேரத்திலும் கதவைப் பார்த்தேன். சைக்கிளில் போனவன் சேதி சொல்லிவிட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. "இவ்ளோ பேரை வுட்டுட்டு நான் மட்டும் எப்டிக் கெளம்பறது" என்றாராம். அடுத்த நாள் போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோனது.

மறியல் முடிந்து பஸ் ஓடியதும் சின்னப்பொண்ணு மலைக்குப் போய்விட்டாள். பாட்டில் பாண்டிச்சேரிக்குப் போனது. தையல் பிரித்து, நான் அப்பாவோடு மணலூர்பேட்டை வந்துவிட்டேன். முடிவு வந்த அன்று இருவரும் மறுபடி கள்ளக்குறிச்சி போனோம். டாக்டரம்மா படித்துச் சொன்னார். கெடுதல் இல்லாத கட்டி, புற்றின் அறிகுறி எதுவும் இல்லை. அப்பா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னார். அப்பா வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் போய்க் கூப்பிடும்வரை திரும்பவில்லை.

சேதியை என் புகுந்த வீட்டுக்குச் சொல்லப்போனதும் அவர்தான். மாமியார் மோர் கொடுத்து, "எனக்கு அப்பவே தெரியும்ணே, சின்னசேலத்தான்தான் சொம்மா பயங்காட்டினான்" என்றாளாம். அப்பா மோரைத் தொடாமல் வந்துவிட்டார்.

கணவர் ஜெயிலிலிருந்து வந்தபோது ஊர் எல்லையிலேயே மாலை போட்டு மேளத்தோடு அழைத்துப்போனார்கள். சில நாள் கழித்து என்னைப் பார்க்க வந்தார். இளைத்திருந்தார். ஜெயிலில் சோறு எப்படி, யார் யார் கூட இருந்தார்கள் என்று வெகுநேரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து கிளம்பும்போது, "இப்ப பரவால்லியா" என்றார். பரவாயில்லை என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எட்டாம் மாதம் அதே இடத்தில் மறுபடி சின்னதாக ஒரு சிவப்பு தெரிந்தது. வந்தாலும் வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மகள் பிறந்தாள். ஒரு மாதத்துக்குள் அது இருந்த இடம் தெரியவில்லை. குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்பினேன். ஆரத்தி எடுத்தார்கள். எல்லாரோடும் சேர்த்து எனக்கும் இலை போட்டார்கள். எந்த முகத்தோடு போட்டார்கள் என்று கேட்காதீர்கள். எந்த முகத்தோடு சாப்பிட்டேன் என்றும் கேட்காதீர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தக் காலத்தில் வேறு எங்கே போவாள்?

போராட்டம் பலன் கொடுத்தது. எங்கள் ஜனத்துக்கு ஒதுக்கீடு கிடைத்தது. மகள் அதில் சீட் வாங்கி ஆசிரியைக்குப் படித்தாள், அரசு வேலைக்குப் போனாள். கணவருக்கு அதில் பெருமை, எனக்கும்தான். ஆனால் வீட்டில் நாலு பேர் கூடினால் அவர் ஒரு கதை சொல்வார். அவர்கள் மறியல் செய்ததால்தான் சேலத்துக்கு பஸ் போகவில்லை, பஸ் போகாததால்தான் மகள் பிழைத்தாள். "இவளுக்கு உசுரு குடுத்ததும் நாந்தான், வேலை குடுத்ததும் நாந்தான்" என்று முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கலைக்கச் சொன்ன டாக்டரிடம் சரிங்க என்று சொன்னது யார் என்பது அந்தக் கதையில் வராது. கஞ்சி ஆற்றிய என் அப்பாவும் வர மாட்டார். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது.

போன பொங்கலுக்குக்கூட அந்தக் கதையைச் சொன்னார். சாப்பாடு முடிந்து மகள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, அப்பா சொல்றது நெசமா?"

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"பஸ் போகலன்றது நெசம்" என்றேன்.